இரண்டு முறை ‘அழற்சி’ என்று எழுதினேன்

நான் இயல்பிலேயே பயந்தவள். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குத் திரும்பி வந்து பார்க்கிற ரகம். இருபத்தொன்பது வருஷம் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து நான் சேர்த்தது பயம் ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

போன மாதம் எங்கள் பழைய ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவள், நேரில் பார்த்ததில்லை. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் ‘அழற்சி, சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனை செய்யவும்’ என்ற வரி தானாக வந்து விழுகிறதாம். “மேடம், அந்த வரியைப் பார்த்தாலே நீங்க நாற்காலிய விட்டு எழுந்துடுவீங்கன்னு இங்க சொல்றாங்க. ஏன் மேடம்?” என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லையம்மா என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அன்று முழுக்கக் கை வேறு வேலையில் ஓடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஊர் தாமல். அறிவியல் பட்டம் வாங்கிவிட்டு, சென்னையில் ஒரு வருஷம் உடம்பின் உயிரணுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோய் கண்டுபிடிக்கும் பயிற்சி எடுத்தேன். அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. கண் வலித்தது, விடுதிச் சாப்பாடு வாய்க்குப் பிடிக்கவில்லை, பாஸ் செய்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன மருத்துவமனையில் வேலை கிடைத்தது. பெண்களின் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எங்கள் ஆய்வகத்தின் முக்கியமான வேலை.

வேலை என்னவென்றால் இதுதான். ஐஸ்கிரீம் குச்சி போல ஒரு மரக்குச்சியால் கர்ப்பப்பை வாயை மெல்லச் சுரண்டி, வந்ததைக் கண்ணாடி ஸ்லைடில் தடவ வேண்டும். தடவிய கையோடு ஆல்கஹாலில் போட்டுவிட வேண்டும். கொஞ்சம் உலர்ந்தாலும் அணுக்கள் ஊதிப்போய் எது நல்லது, எது கெட்டது என்று தெரியாது. பிறகு சாயம் ஏற்றுவோம். அணுவின் நடுக்கரு நீலமாகவும், சுற்றியிருப்பது ஆரஞ்சாகவும் பச்சையாகவும் மாறும். அதற்கு மேல் என் கண்ணின் பாடு. ஸ்லைடின் ஒரு மூலையில் ஆரம்பித்து மேலிருந்து கீழே போவேன். கொஞ்சம் நகர்த்திக் கீழிருந்து மேலே வருவேன். முதல் வரிசையின் ஓரம் இரண்டாவது வரிசையிலும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் நடுவே ஒரு கீற்று பார்க்காமல் போய்விடும். கருத்துப் பெருத்த நடுக்கரு எங்காவது கண்ணில் பட்டால் பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி வைத்த ஸ்லைடெல்லாம் டாக்டருக்குப் போகும்.

டாக்டரின் பெயர் தேசிகன். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். நெற்றியில் திருமண், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். அவரோடு வேலை பார்த்த வருஷங்களில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கிற மைக்ரோஸ்கோப் ஒன்று எங்களிடம் இருந்தது. நான் தப்பு செய்திருந்தால் என்னை எதிரே உட்காரச் சொல்வார். அந்தத் தப்பு இருக்கும் இடத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார். பிறகு ஒன்றும் பேச மாட்டார். நானாக வாயைத் திறக்கும்வரை அந்த இடம் நகராது. ஒரு தடவை கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறோம்.

எங்களுக்கு வந்த ஸ்லைடுகளில் பெரும்பாலானவற்றில் வெள்ளை அணுக்கள் மொய்த்துக்கொண்டிருக்கும். உடம்பில் எங்கே கிருமி புகுந்தாலும் முதலில் ஓடிவரும் காவல்காரர்கள் அவர்கள்தான். அவர்கள் வந்து குவிந்து, அந்த இடம் சிவந்து வீங்கிச் சீழ் வைப்பதைத்தான் அழற்சி என்கிறோம். ஊரில் பாதிப் பெண்களுக்கு வெள்ளைப்படுதல் இருந்தது. ஆகவே, ‘அழற்சி’ என்று எழுதி எழுதி என் கை பழகிப்போயிருந்தது. மாத்திரை கொடுப்பார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். பாதிப் பேர் வர மாட்டார்கள்.

தனலட்சுமி வந்தாள்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டோம். ஆள் போதாமல் என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். செவிலியர் உள்ளே ஸ்லைடு எடுக்க, நான் வராந்தாவில் பெஞ்சு போட்டுப் படிவம் நிரப்பினேன். பெயர், வயது, எத்தனை குழந்தை, மாதவிலக்கு எப்படி, இடையில் ரத்தப்போக்கு உண்டா. வரிசை தெருவரைக்கும் நின்றது. தனலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயது, ஒல்லி, கண்ணைப் பார்த்துப் பேச மாட்டாள். கூடவே மாமியார் வந்திருந்தார். முகாமுக்கு மருமகளைத் தனியாக அனுப்புகிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. மாமியாரோ, பெரிய நாத்தனாரோ யாராவது கூட வருவார்கள்.

இடையில் ரத்தம் படுகிறதா என்று கேட்டேன். மாமியார்தான் பதில் சொன்னார்.

“அதெல்லாம் ஒண்ணியும் இல்லமா. எல்லாம் கணக்கா இருக்குது. வெள்ளை மட்டும் படுதுன்னு சொல்லிக்கினு இருந்தா, அதான் இட்டாந்தேன்.”

‘இல்லை’ என்று எழுதினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவ்வளவுதான். நடந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லிலிருந்து நடந்தது.

ஸ்லைடு மேஜைக்கு வந்தது. அங்கங்கே நல்ல அணுக்கள், மேலே கம்பளம் விரித்த மாதிரி வெள்ளை அணுக்கள். ரத்தமும் இருந்தது. சுரண்டும்போது கொஞ்சம் ரத்தம் வருவது சகஜம், படிவத்திலும் ‘இல்லை’ என்று இருக்கிறது. எழுதியவளும் நான்தானே. அழற்சி என்று போட்டேன். புள்ளி வைக்கவில்லை. புள்ளி இல்லாதவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துத்தான் டாக்டர் மறுபடி பார்ப்பார். இது அதில் சிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவள் வந்தாள், மாமியாரோடுதான். மாத்திரையெல்லாம் விடாமல் சாப்பிட்டிருந்தாள். ஸ்லைடு பழைய மாதிரியே இருந்தது. நான் மறுபடியும் அழற்சி என்று எழுதினேன். எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன், குழம்பு வைத்தேன், அதில் உப்புப் போட மறந்தேன். மருந்து சாப்பிட்ட பிறகும் அந்தக் கூட்டம் ஏன் கலையவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. நான் பயந்தவள் என்று சொன்னேனே, அந்தக் குணம் வேலைக்கு உதவிய நாள் அதுதான். மறுநாள் டாக்டர் வரும் நாள். பழைய ஸ்லைடையும் புதிய ஸ்லைடையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வைத்தேன்.

எதிரே உட்காரச் சொன்னார்.

முதல் ஸ்லைடையே பார்த்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார். வெள்ளை அணுக்களைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் காத்திருந்தார். கடைசியில், “சார், பாலி அதிகமா இருக்கு” என்றேன். ஆய்வகத்தில் வெள்ளை அணுவுக்கு நாங்கள் வைத்திருந்த செல்லப் பெயர் அது.

“தெருவுல ஒரு வீட்டு வாசல்ல கூட்டம் நிக்கறது. நீங்க என்ன எழுதுவேள்? கூட்டம் நிக்கறதுன்னா?” என்றார். “உள்ள என்ன ஆச்சுன்னு எட்டிப் பார்க்க வேண்டாமோ?”

நான் மறுபடி குனிந்து கண்ணை வைத்தேன்.

“ரத்தத்தைப் பாருங்கோ.”

பார்த்தேன். சுரண்டும்போது வருகிற புது ரத்தத்தில் சிவப்பணுக்கள் முழுசாக, வட்டம் வட்டமாக இருக்கும். இது அப்படி இல்லை. உடைந்து தூளாகி, செத்த அணுக்களின் குப்பையோடு கலந்து கிடந்தது. பழைய ரத்தம். இரண்டு ஸ்லைடிலும் அதே குப்பை.

“புற்றணு ஒண்ணும் கையில கிடைக்கலை. அவ்வளவு சீழுக்கு அடியில கிடைக்காது. ஆனா பின்னாடி இருக்கற இந்த அழுக்கு எனக்குச் சரியாப் படலை. இந்த அம்மாவுக்கு ரத்தம் படறதோ?”

“இல்லைன்னு படிவத்துல இருக்கு சார்.”

“யார் எழுதினா?”

“நான்தான்.”

“யார் சொன்னா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “மாமியார் சொன்னாங்க சார்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். தபால் போட்டால் வீட்டில் யாராவது பிரித்துப் படிப்பார்கள், நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார். திட்டவே இல்லை.

மறுநாள் காலையில் போனேன். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. நுழைந்ததுமே தறிச் சத்தத்தில் நம் காலடி நமக்கே கேட்காது. தனலட்சுமியை அங்கே தனம் என்பார்கள். தனத்தின் வீட்டில் மாமியார் வாசலருகே ராட்டினத்தில் இழை சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே தறியில் அவள் கணவர் ஏகாம்பரமும் பக்கத்தில் தனமும். தறியில் அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக முகூர்த்தப் புடவை ஏறியிருந்தது. கரை வேறு நிறமாக இருந்தால் அந்த இழையை ஓட்டத் தனி நாடா வேண்டும், பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து அதைத் தள்ள வேண்டும். தனம் எழுந்தால் தறி நிற்கும்.

மாமியார் எதிரே என்ன கேட்பது? வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

“கண்ணாடி ஒடைஞ்சு போச்சுமா. என் கைதவறுதல்தான். மறுபடி ஒரு தடவை வந்துட்டுப் போவணும்.”

“ஒரு கண்ணாடிய பத்திரமா வச்சிக்க தெரில, நீங்கெல்லாம் இன்னா ஆஸ்பத்திரி நடத்துறீங்க” என்றார் மாமியார். கேட்டுக்கொண்டேன். தனம் எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு, என்னை வழியனுப்புகிற சாக்கில் தெருக்கோடிக் குழாயடிக்கு வந்தாள். அங்கே யாரும் இல்லை.

“எவ்ளோ நாளா படுது தனம்?”

அவள் குழாயைத் திறந்தபடி நின்றாள். “யாரு சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. கண்ணாடியில தெரிஞ்சுது.”

“ஒடைஞ்சு போச்சுன்னீங்க.”

“ஒடையல.”

குடம் நிரம்பி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை. “எட்டு மாசமா,” என்றாள். “திட்டம் இல்லாம வருதுமா. அவரோட இருந்தா மறுநாள் நிச்சயம் வருது. இந்த வூட்டுல தூரமானா மூணு நாளு தறிகிட்ட போவக் கூடாது. வாரத்துக்கு மூணு நாளு நான் எழுந்துக்கினா அவரு இன்னா பண்ணுவாரு? துணிய மடிச்சு வச்சிக்கினு உக்காந்துக்குனு இருக்கேன்.” குழாயை மூடிவிட்டு, “அந்தப் பொடவைய கட்டப்போற பொண்ணுக்கு எதுனா ஆயிடுமோன்னுதான் எனக்கு பயம். தூக்கமே வர்றதில்ல” என்றாள்.

அவள் பயம் யாரோ முகம் தெரியாத கல்யாணப் பெண்ணுக்காக இருந்தது. என் பயத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பொடவைக்கு ஒன்றும் ஆகாது, உனக்குத்தான் ஆகும் போலிருக்கிறது, இன்றே வா என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் சம்மதிக்கவில்லை.

“இன்னும் ஒம்போது நாளுல பொடவை முடிஞ்சுடும். அறுத்துக் குடுத்துட்டு வந்துடறேன். அதுக்கு முன்னால கூப்பிட்டீங்கன்னா அத்தைக்கு தெரிஞ்சு போவும்மா. உங்க கால்ல வுழுறேன்.”

அந்த ஒன்பது நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எட்டு மாதம் சும்மா இருந்ததற்கு ஒன்பது நாள் பெரிதா என்று ஒரு மனம் சொல்லும். முதல் தடவையே நீ பார்த்திருந்தால் என்று இன்னொன்று பிடித்துக்கொள்ளும். வேறு யார் யார் படிவத்தில் யார் யார் பதில் சொன்னார்களோ என்று நினைத்தால் சோறு இறங்காது. அந்த முகாமில் எடுத்த ஸ்லைடுகள் எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து எடுத்து, வேலை நேரம் முடிந்த பிறகும் உட்கார்ந்து மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேறு எதிலும் அந்தக் குப்பை இல்லை.

பத்தாம் நாள் தனம் வந்தாள். மகளிர் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கர்ப்பப்பை வாயில் இருந்த புண்ணிலிருந்து சிறு சதை எடுத்தார். அதை மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றினோம். தேசிகன் சார் என்னை எதிரே உட்கார வைத்தார். இந்தத் தடவை அவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டம் கூட்டமாகப் புற்றணுக்கள் உள்ளே இறங்கியிருந்தன, ஒவ்வொரு கூட்டத்தையும் சுற்றிச் சின்னச் சின்ன நீல உருண்டைகள்.

“இதெல்லாம் லிம்போசைட். வெள்ளை அணுவுலயே இவா வேற பட்டாளம். குறிபார்த்து அடிக்கறவா,” என்றார். “இப்படிச் சூழ்ந்து நிக்கறது பொதுவா நல்லதுன்னு சொல்றா. உடம்பு இன்னும் விட்டுக்கொடுக்கலைன்னு அர்த்தம்.”

“அப்புறம் ஏன் சார் புற்று வந்துச்சு?”

அன்றுதான் அவர் நீளமாகப் பேசினார். இந்த நோய்க்கு மூலம் ஒரு வைரஸ். நிறையப் பெண்களுக்கு அது வரும், உடம்பே அதைத் துரத்திவிடும். துரத்த முடியாமல் போன சிலருக்கு வருஷக்கணக்கில் உள்ளேயே கிடந்து அணுவைக் கெடுக்கும். உடம்பும் ஆள் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். ஆனால், வந்தவர்கள் எல்லாம் சண்டை போட மாட்டார்கள். “ரொம்ப நாள் நின்ன பட்டாளம் சில சமயம் எதிராளிக்கே சமைச்சுப் போட ஆரம்பிச்சுடும். புது ரத்தக் குழாய் கட்டிக் கொடுக்கும், மத்தவாளை அடிக்க விடாம தடுக்கும். இதைப் பத்தி இப்போ நிறைய எழுதறா. நமக்கு எல்லாம் இன்னும் தெரியாது” என்றார். பிறகு ஸ்லைடை எடுத்துவிட்டு, “ரிப்போர்ட்டுல கையெழுத்து என்னோடது. முன்னாடி தப்பிப்போனதை அவாகிட்ட நானே சொல்லிடறேன்” என்றார்.

நான் சொல்கிறேன் சார் என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. சொன்ன மறுநிமிஷமே ஏன் சொன்னோம் என்று இருந்தது.

மருத்துவமனைக்குப் பின்னால் வேப்பமரத்தடி பெஞ்சில் ஏகாம்பரமும் தனமும் உட்கார்ந்திருந்தார்கள். சென்னைக்குப் போய்க் கதிர்வீச்சு சிகிச்சை எடுக்க வேண்டும், நோய் இன்னும் கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவவில்லை என்று மகளிர் டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஏகாம்பரம் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“ரெண்டு வாட்டி டெஸ்ட் எடுத்தீங்களேமா. மாத்திரை குடுத்து அனுப்புனீங்க. அப்பவே தெரியாதா?”

“தெரிஞ்சிருக்கணும். பாத்தது நான்தான். கண்ணு முன்னால இருந்துது, நான் பாக்கல.”

அவர் கை துண்டை முறுக்கியது. என்னை அடித்தாலும் அடிக்கலாம் என்று தோன்றியது. அடிக்கட்டும் என்றும் தோன்றியது. அதற்குள் தனம் அவரிடம் சொன்னாள். இத்தனை நாளில் அவள் குரல் தெளிவாக எழுந்து நான் கேட்டது அப்போதுதான்.

“அவங்க கேட்டாங்கபா. அத்தை இல்லன்னுச்சு. நானும் பேசாம நின்னுக்கினு இருந்தேன்.”

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், “எங்க அம்மாவ பக்கத்துல வச்சிக்கினு கேட்டா அவ இன்னா சொல்லுவா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அந்த வாரமே படிவத்தை மாற்றினோம். ‘பதில் சொன்னவர் யார்’ என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த ஒரு கேள்வியை மட்டும் வராந்தாவில் கேட்காமல், திரைக்கு உள்ளே, பெண் தனியாக இருக்கும்போது செவிலியர் கேட்பது என்று முடிவானது. துணைக்கு வந்த பெரியம்மாக்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு, வெள்ளை அணு மொய்த்த ஸ்லைடு எதுவும் என் மேஜையிலிருந்து டாக்டர் பார்க்காமல் போனதில்லை. அவருக்கு வேலை இரட்டித்தது. முகம் சுளித்ததில்லை.

தனம் சென்னையில் வாரக்கணக்கில் இருந்து சிகிச்சை எடுத்துக்கொண்டு திரும்பினாள். முடி கொட்டவில்லை, ஆனால் ஆள் பாதியாகியிருந்தாள். சில மாதம் கழித்து, மறுபடி எங்களிடம் ஸ்லைடு எடுக்க வந்தாள். அதற்குள் தேசிகன் சார் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டார். புதிதாக வந்த டாக்டர் இளைஞர், என்னைவிட அதிகம் பயந்தவர்.

ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். வெள்ளை அணுக்கள் குவிந்து கிடந்தன. கதிர்வீச்சு பட்ட நல்ல அணுக்களும் பூதம் மாதிரி பெருத்துக் கோணிப்போய் இருக்கும். சுட்ட இடத்தில் செத்ததை அள்ளிக்கொண்டு போக வெள்ளை அணுக்கள் வரத்தான் வேண்டும், அது புண் ஆறுகிற வழி. ஆனால், அதே கூட்டத்துக்கு அடியில் முன்பு என்ன இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். நாலு தடவை மேலும் கீழும் ஓட்டினேன். பழைய ரத்தம் இல்லை. கருத்த நடுக்கரு இல்லை. டாக்டரும் தனியாகப் பார்த்தார், இருவரும் சேர்ந்து பார்த்தோம். சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டார். எழுத வேண்டிய சொல்லை நான்தான் எழுதினேன்.

தனம் வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மாமியாரைக் கூட்டி வரவில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

“இன்னா எழுதியிருக்குது?”

“அழற்சி.”

“அன்னிக்கும் அதான எழுதுன?” முதல் தடவையாக என்னிடம் ஒருமையில் பேசினாள்.

“ஆமா.”

“அப்ப இத நான் எப்படி நம்புறது?”

ஆயிரம் சொல்லியிருக்கலாம். அந்த ரத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை, இரண்டு பேர் பார்த்ததை, எல்லாவற்றையும் விளக்கியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

“நம்பாத. மூணு மாசம் கழிச்சு வா. நான் மறந்தாலும் நீ வா.”

அவள் காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மாதத்தை நான் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். குறித்த தேதிக்கு முந்தின நாள் காலையில், ஆய்வகத்தின் பூட்டைத் திறக்கச் சாவியோடு போனபோது, எனக்கு முன்னால் தனம் வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.